9/16 பெரிதா, 5/8 பெரிதா?

ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். வாடைக்காற்று ஏறிவிட்டதால் எங்கள் கடற்கரை ஊரான மண்டபத்தில் அன்று படகுகள் போகவில்லை. என் வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து ஸ்பேனர்களையெல்லாம் சாக்கில் சுருட்டிக் கொண்டுவந்து திண்ணையில் கொட்டினார். அவர் படகு இன்ஜின் மெக்கானிக். இந்த உப்புக்காற்றில் இரும்பு ஒரு வாரம் சும்மா கிடந்தால் துரு பிடித்துவிடும். அதனால் மழைநாளில் மண்ணெண்ணெய் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்து வைப்பார். நான் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் என் மூத்தவனும் கூட உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தான்.

நான் உள்ளே அவனுடைய கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். காலையில் பத்துப் பின்னக் கணக்குகள் எழுதிக் கொடுத்திருந்தேன், இரண்டில் எது பெரியது என்று வட்டம் போடவேண்டும். 9/16, 5/8 என்ற சோடியில் 9/16-ஐ வட்டம் போட்டிருந்தான். ஏன் என்று காலையிலேயே கேட்டேன். "ஒம்பதும் பெரிசு, பதினாறும் பெரிசு. அஞ்சும் எட்டும் சின்னதுதானம்மா" என்றான். வயது 13.

வெளியே அவர் குரல் கேட்டது. "இந்த 9/16-க்கு அடுத்ததை எடுய்யா."

அவன் குவியலைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. கையை விட்டு ஒன்றை எடுத்து நீட்டினான். அது 5/8 இஞ்ச் ஸ்பேனர்.

நான் நோட்டோடு வெளியே போனேன். "அடுத்ததுன்னா என்னய்யா அர்த்தம்?" என்று கேட்டேன். "இதவிடப் பெரிசும்மா." "எது பெரிசு?" "இதுதான், 5/8." நோட்டை அவன் முன்னால் வைத்தேன். தான் போட்ட வட்டத்தைப் பார்த்தான், கையில் இருந்த இரும்பைப் பார்த்தான். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வளர்ந்த பிள்ளையை வீட்டில் வைத்துப் படிக்கவைக்க முடிவு செய்தவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எந்த வகுப்புப் பாடத்திலிருந்து ஆரம்பிப்பது?" என்பதுதான். நானும் அதே கேள்வியோடு ஐந்து மாதம் அலைந்தேன். அந்த ஐந்து மாதத்தை உள்ளபடி எழுதிவைத்தால் யாருக்காவது பயன்படும் என்று நினைக்கிறேன்.

ஏன் பள்ளியை நிறுத்தினோம் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊர் ஆங்கிலவழிப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்பு படித்தான். ஒவ்வொரு நாளும் காலையில் வயிற்றுவலி என்பான். மார்க் அட்டையை ஒளித்து வைத்தான். வருடக் கடைசியில், "உங்கள் பையனுக்கு இது சரிப்படாது" என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். 2024 ஜூனில் எட்டாம் வகுப்புக்கு அனுப்பவில்லை. ஒரு வருடம் வீட்டில் வைத்துப் பார்ப்போம் என்று நானும் அவரும் பேசி முடிவெடுத்தோம்.

அவன் மக்கு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் எங்கே தடுக்குகிறது என்றும் எனக்குத் தெரியவில்லை. அது வெகுநாள் கழித்து விரல்விட்டு வருடங்களை எண்ணியபோதுதான் புரிந்தது. கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடிய 2020 மார்ச்சில் அவன் மூன்றாம் வகுப்பு. ஒன்று முதல் எட்டு வரையான வகுப்புகளை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1-இல். அப்போது அவன் ஐந்தாம் வகுப்பு. நடுவில் நான்காம் வகுப்பு என்ற ஒன்று அவன் வாழ்க்கையில் நடக்கவே இல்லை. செல்போனில் வகுப்பு ஓடியது, அவன் முன்னால் உட்கார்ந்திருந்தான், நானும் படிக்கிறான் என்று நம்பினேன். பின்னமும் நீள்வகுத்தலும் பிள்ளைகள் மனதில் ஊன்றும் வயது அதுதான்.

இதில் என் மனதை இன்னும் அறுக்கும் ஒன்று உண்டு. 2022-இல் நான் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். தினமும் சாயங்காலம் எங்கள் தெருவில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளை உட்காரவைத்து, விட்டுப்போன பாடத்தை ஒன்றரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். என் பிள்ளை தனியார் பள்ளிப் பையன் என்பதால் அந்தப் பாயில் உட்காரவில்லை. உள்ளே போனை வைத்துக்கொண்டு இருந்தான். நான் வாசலில் மற்றப் பிள்ளைகளுக்கு அரையும் காலும் விளக்கிக்கொண்டிருந்தேன்.

சரி, முதல் தப்புக்கு வருகிறேன். வயது 13, அப்படியானால் எட்டாம் வகுப்பு என்று எட்டாம் வகுப்புப் புத்தகங்களை வாங்கினேன். சமச்சீர் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே விகிதமுறு எண்களில்தான் தொடங்குகிறது. அதாவது பின்னத்தை நன்றாகத் தெரிந்தவனுக்கு அடுத்த படி. முதல் வாரத்திலேயே அவன் பழையபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டான். பள்ளியில் இருந்த பயம் வீட்டு மேசைக்கு வந்துவிட்டது. இடம் மட்டும்தான் மாறியிருந்தது.

அப்புறம் மதுரையில் ஒரு குடும்பத்திடமிருந்து வெளிநாட்டுப் பாடப் புத்தகப் பெட்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கினோம். 7,000 ரூபாய். எந்தப் படியில் சேர்ப்பது என்று பார்க்க அதற்கென்று ஒரு தேர்வு இருந்தது. எழுதவைத்தேன், "ஆறு" என்று வந்தது. ஆறு என்றால் எதில் ஆறு? கணக்கிலா, வாசிப்பிலா? எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி போட்ட மாதிரி ஒரே எண். இரண்டு வாரம் கழித்து அதே கணக்குகளைத் தமிழில் சொல்லிக் கேட்டபோது பாதிக்குமேல் சரியாகப் போட்டான். அவனைத் தடுத்தது ஆங்கில வாக்கியம். பிள்ளை எந்த மொழியில் யோசிக்கிறதோ அந்த மொழியில் சோதிக்காவிட்டால் கணக்கு வருமா வராதா என்றே தெரியாது. இதை எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்வேன். புத்தகத்தில் டாலரும் ஃபாரன்ஹீட்டும் பனிப்பொழிவும் இருந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த ஒரே எண்ணைத்தான் என்னால் ஏற்கமுடியவில்லை.

இரண்டாவது தப்பு முதல் தப்பைவிட மோசம். எட்டு வரவில்லை, ஆறும் வரவில்லை என்றதும் எனக்குப் பதற்றம் வந்துவிட்டது. அடியிலிருந்து கட்டுவோம் என்று எல்லாப் பாடத்துக்கும் நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் புத்தகங்களை எடுத்து வைத்தேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தேன். அன்று மத்தியானம் மூன்றாம் வகுப்பு படிக்கும் என் சின்னவள் பள்ளியிலிருந்து வந்து மேசையைப் பார்த்தாள். "அண்ணே, இது எனக்கு அடுத்த வருசப் புத்தகம்ல?" என்று கேட்டாள். கேலியில்லை, பிள்ளை சாதாரணமாகக் கேட்டாள். அவன் எழுந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டான். இருட்டும்வரை வரவில்லை. வந்தபிறகு, "நான் அப்பாகூட பட்டறைக்கே போறேம்மா, படிப்பு வேணாம்" என்றான். மீசை அரும்பத் தொடங்கிய பையனின் கையில் முயல்படம் போட்ட அட்டையைக் கொடுத்தால் வேறென்ன சொல்வான்? அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

வழி காட்டியதும் சின்னவள்தான். அரசுப் பள்ளியில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை நிலையாகப் பிரித்துச் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஒருநாள் தலை பின்னிவிடும்போது அவள் பாட்டுக்குச் சொன்னாள்: "நான் கணக்குல மலரும்மா. இங்கிலீசுல இன்னும் மொட்டுதான்." அதைச் சொல்வதில் அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஒரே பிள்ளை ஒரே வகுப்பில் உட்கார்ந்துகொண்டே ஒரு பாடத்தில் மலராகவும் இன்னொன்றில் மொட்டாகவும் இருக்கலாம். எட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. நான் என் மகனுக்கு ஒரே ஒரு வகுப்பு எண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து பாடம் பாடமாகப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

முதலில் தமிழ் வாசிப்பு. பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்க நாடு முழுக்கக் கிராமங்களில் 2005 முதல் நடக்கும் அசர் கணக்கெடுப்பில் ஒரு சின்ன வாசிப்புத் தாள் வைத்திருப்பார்கள். எழுத்து, சொல், ஒன்றாம் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு கதை. தமிழிலும் உண்டு. தடுக்காமல் வாசித்துவிட்டான். எழுத்துக் கூட்டுவதில் குறை இல்லை என்று தெரிந்துகொள்ள அது போதும், அதற்குமேல் அந்தத் தாளிடம் கேட்கக்கூடாது. பிறகு ஐந்தாம் வகுப்பு உரைநடையில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னேன். வாசித்தான். புத்தகத்தை மூடிவிட்டு, "என்னய்யா சொல்லியிருக்கு?" என்றால் முழித்தான். அதே அளவுள்ள இன்னொரு பக்கத்தை நான் வாசித்துக் காட்டினேன். அப்போது ஒன்றுவிடாமல் சொன்னான், அந்தக் கதையில் வந்தவன் செய்தது ஏன் தப்பு என்று என்னோடு வாதாடவும் செய்தான். காது எட்டாம் வகுப்பில் இருக்கிறது, கண் ஐந்தில் நிற்கிறது. ஆகவே இரண்டு புத்தகம் வைத்தேன். அவனாக வாசிக்க எளிதான ஒன்று, நான் வாசித்துக்காட்ட அவன் வயதுக்கு ஏற்ற ஒன்று. அவனாக வாசிப்பதற்கு எது என்று எடுப்பதில் ஒரு சின்னக் கணக்கு வைத்துக்கொண்டேன். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்குமேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம்.

அறிவியலில் கதையே வேறு. எட்டாம் வகுப்பில் விசையும் அழுத்தமும் என்று ஒரு பாடம் இருக்கிறது. அவனுடைய சித்தப்பா தென்கடலில் சங்கு குளிக்கப் போகிறவர். "அஞ்சு பாகம் இறங்குனா காது குத்தும், முதல்ல பழகாதவன் மூக்குல ரத்தம் வந்துரும்" என்று அவர் சொன்னதை வைத்து அவனே பேச ஆரம்பித்தான். மேலே இருக்கிற தண்ணி அம்புட்டும் நம்ம மேலதானே உட்கார்ந்திருக்கு என்றான். ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி. ஐந்து பாகம் என்றால் ஒன்பது மீட்டர். கடலில் பத்து மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும் என்று சொன்னேன். அப்படியானால் சித்தப்பா உடம்பில் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கா என்று அவனே கேட்டான். எட்டாம் வகுப்புப் பாடத்தை அவன் தாண்டித்தான் நின்றான். எழுதச் சொன்னால் மட்டும் இரண்டு வரியில் முடித்துவிடுவான். முதல் மூன்று மாதம் அவன் வாயால் சொல்ல நான் எழுதினேன். இதற்காக ஒரு படி கீழே இறக்கியிருந்தால் அது பெரிய அநியாயம். எழுத்து மெதுவாக வருகிறது என்பதற்காகப் புரிந்த பாடத்தைப் பிடுங்கக்கூடாது.

ஆங்கிலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏழு வருடம் ஆங்கிலவழியில் படித்தவன் நான்காம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் நின்றான். அங்கிருந்தே ஆரம்பித்தோம்.

கணக்குதான் ஆழமானது. எட்டு முதல் நான்கு வரை சமச்சீர் புத்தகங்களைத் தமிழில் எடுத்தேன். பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் எல்லா வகுப்புப் புத்தகங்களும் தமிழ்வழியிலும் ஆங்கிலவழியிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு வகுப்பிலும் வெவ்வேறு பாடங்களின் பயிற்சியிலிருந்து பத்துக் கணக்கு. நேரம் வைக்கவில்லை, உதவியும் செய்யவில்லை. எட்டுக்குமேல் சரியாக வந்தால் அந்தப் புத்தகம் அவனுக்குத் தேவையில்லை. நான்கு அல்லது அதற்குக் கீழே என்றால் இன்னும் நேரம் வரவில்லை. நடுவில் நின்றால் அதுதான் அவனுக்கான புத்தகம். இது நானாக வைத்துக்கொண்ட அளவு, இன்றுவரை கைகொடுக்கிறது.

இப்படிப் பார்த்ததில் கணக்கு என்ற ஒரே பாடத்துக்குள்ளும் அவன் மூன்று படியில் நின்றான். வடிவியல் ஏழாம் வகுப்பு. முழுக்களில் கூட்டல் கழித்தல் ஏழு. குறை எண்களைக் கடன் என்று சொன்னதும் பிடித்துக்கொண்டான், எங்கள் வீட்டில் அது தெரியாத பிள்ளை இல்லை. அளவைகள் ஆறு. பின்னமும் இரண்டிலக்க எண்ணால் வகுப்பதும் நான்கு. வாய்ப்பாடு ஆறுக்குமேல் ஆட்டம். விகிதம், சதவீதம், இயற்கணிதம் என்று மேலே வருகிறவை எல்லாம் அந்த நான்கில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. அதைச் சரிசெய்யாமல் மேலே எந்தப் புத்தகத்தை வைத்தாலும் நிற்காது. அதைச் சரிசெய்வதற்காக வடிவியலையும் நான்காம் வகுப்புக்கு இறக்கவேண்டிய தேவையும் இல்லை.

என் கொழுந்தனார் ஒருவர், "பட்டறைக் கணக்குத் தெரிஞ்சவனுக்கு எதுக்கு மதினி இதெல்லாம்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா?" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் நான் ஒத்துக்கொள்ளவில்லை. கைக்குத் தெரிந்தது தாளுக்கு வரவில்லை என்றால் அவன் கைக்கு எட்டிய தூரம்வரைதான் போகமுடியும். அவனுக்கு இன்ஜின் வேலைதான் ஆசை. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பிரிவில் சேரக் கணக்கும் அறிவியலும் படித்துப் பத்தாம் வகுப்பில் தேறியிருக்கவேண்டும். அந்த வாசலில் ஸ்பேனரைக் காட்டி உள்ளே போகமுடியாது.

இனி அந்த மழைநாள் திண்ணைக்கு வருகிறேன். நான்காம் வகுப்புப் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்று அவன் சொல்லி ஒரு மாதம் ஆகியிருந்தது. முயல்படம் வேண்டாம் என்று நான் வெறும் தாளில் கணக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். 5/8-ஐ எடுத்து நீட்டியபிறகு அவனிடம், "இந்த இஞ்ச் ஸ்பேனரையெல்லாம் சின்னதிலேர்ந்து பெரிசுக்கு வரிசையா அடுக்குய்யா" என்றேன். சாக்கின்மேல் அடுக்கினான். 7/16, 1/2, 9/16, 5/8, 3/4. கண்ணை மூடிக்கொண்டு அடுக்குவான் போல. அவ்வளவு பழக்கம்.

"அரைக்கும் 5/8-க்கும் நடுவுல 9/16 எப்படி வந்து உட்காருது?"

தெரியவில்லை என்றான். உள்ளே போய்ப் பழைய காலண்டர் தாளில் நீளமாக ஒரு துண்டு கிழித்துக் கொண்டுவந்தேன். இதுதான் ஒரு இஞ்ச் என்று வைத்துக்கொள் என்றேன். பாதியாக மடித்தான், மறுபடி பாதி, மறுபடி பாதி, மறுபடி பாதி. நாலு மடிப்பு. பிரித்தால் பதினாறு கட்டம். ஒவ்வொரு ஸ்பேனரும் எத்தனை கட்டம் என்று எண்ணிக் குறிக்கச் சொன்னேன். அரை எட்டுக் கட்டத்தில் விழுந்தது. 5/8 பத்தில், 3/4 பன்னிரண்டில். சாக்பீஸ் எடுத்துத் திண்ணையிலேயே ஸ்பேனருக்குக் கீழே எழுதினான்: 7/16, 8/16, 9/16, 10/16, 12/16.

எழுதி முடித்ததும் நிமிர்ந்து அவன் அப்பாவைப் பார்த்தான். "அப்பா, பதினொண்ணு எங்க?"

அவர் துடைப்பதை நிறுத்திவிட்டார். "11/16-ஆ? இருந்துச்சுய்யா. போன வருசம் கடல்ல விழுந்துருச்சு."

அந்த நிமிடத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். காணாமல்போன ஸ்பேனர் ஒன்றை, அது இருந்ததே தெரியாமல், எண்ணை மட்டும் வைத்துக் கண்டுபிடித்துவிட்டான். அவன் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வரவில்லை. "எல்லாத்தையும் பதினாறாக்கிட்டா சண்டையே இல்லம்மா" என்றான். வேற்றினப் பின்னங்களை ஓரினப் பின்னங்களாக மாற்றுவது என்று புத்தகத்தில் இருப்பது இதுதான் என்று அவனுக்கு அப்போது நான் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துச் சொன்னேன். தொகுதி, பகுதி என்ற சொற்களும் அப்போதுதான். அதற்குள் அவனுக்கு அந்தச் சொற்கள் தேவைப்பட்டன.

வளர்ந்த பிள்ளைக்குக் கீழ்ப்படிப் பாடம் வைக்கும்போது அந்தப் பாடம் சின்னப்பிள்ளைத் தோற்றத்தில் போகக்கூடாது என்பதை நான் அந்தத் திண்ணையில் தெரிந்துகொண்டேன். நான்காம் வகுப்புப் புத்தகத்தின் கருத்து வேண்டும், மாம்பழத் துண்டு படம் வேண்டாம். அதன்பிறகு புத்தகப் பக்கங்களில் தேவையானதை மட்டும் எடுத்து, அவன் கையில் இருக்கும் சாமான்களை வைத்து நானே கணக்கை மாற்றி எழுதினேன். ஒரு கேன் டீசல் எத்தனை மணி நேரம் ஓடும், பெட்டிக்கு இவ்வளவு ஐஸ் என்றால் பதினேழு பெட்டிக்கு எவ்வளவு. மேசையில் எந்தப் புத்தகத்திலும் வகுப்பு எண் தெரியாதபடி பழுப்பு அட்டை போட்டுவிட்டேன். சின்னவளுடைய புத்தகத்துக்கும் அதே அட்டை. இது சின்ன விஷயம்போலத் தெரியலாம். எங்கள் வீட்டில் படிப்பு மறுபடி நடந்ததற்கு அந்தப் பழுப்பு அட்டைக்கும் ஒரு பங்கு உண்டு.

பெற்றோர் பயப்படுகிற இன்னொன்று, நான்காம் வகுப்பிலிருந்து ஆரம்பித்தால் எட்டுக்கு வர நாலு வருடம் ஆகுமே என்பது. நானும் பயந்தேன். ஆகாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு வருடம் பிடிக்கும் பின்னம், 13 வயதுப் பையனுக்கு வாரக்கணக்கில் முடிகிறது, ஏனென்றால் தலை வளர்ந்திருக்கிறது, அடி மட்டும்தான் போடவில்லை. ஐப்பசியில் சாக்பீஸால் எழுதியவன் தை கடைசியில் ஆறாம் வகுப்பு மூன்றாம் பருவத்துப் பின்னப் பாடத்தை முடித்தான். பங்குனிக்குள் ஏழாம் வகுப்பு. நடுவில் வகுத்தலில் மட்டும் மூன்று வாரம் ஒரே இடத்தில் நின்றோம். ஏழாம் வாய்ப்பாடும் எட்டாம் வாய்ப்பாடும் பாடமாகாததுதான் காரணம். அதைத் தினமும் காலையில் பத்து நிமிடம் வாய்விட்டுச் சொல்ல வைத்தேன். பழைய முறைதான், இதற்கு வேறு குறுக்குவழி எனக்குத் தெரியவில்லை. ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்ததும் அறுபத்தோரு நாளும் புத்தகத்தை மூடிவிட்டோம். கரையேறிய படகுகளுக்கெல்லாம் அப்போதுதான் வேலை நடக்கும், அவன் அப்பாவுக்குக் கை தேவை, அவனுக்கும் அந்த இரண்டு மாதம்தான் கொண்டாட்டம். ஜூன் பாதியில் திரும்ப வந்தபோது கொஞ்சம் மறந்திருந்தான். ஒரு வாரத்தில் தூசி தட்டியாயிற்று.

கடைசியாகத் தேர்வு. படி எது என்று தேடும்போதே, ஏறி எங்கே போய்ச் சேரவேண்டும் என்பதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால் ஊர் கேட்கும் கேள்வியில் நாமே கலங்கிவிடுவோம். அவனுடைய அப்பத்தா வாரத்துக்கு ஒருமுறை, "பத்தாவது எப்ப எழுதுவான்?" என்று கேட்கிறார்.

மாநில வாரியத்தில் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத 12½ வயது நிரம்பியிருந்தால் போதும். நாங்கள் எடுத்த வழி தேசியத் திறந்தநிலைப் பள்ளி. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 1979-இல் தொடங்கிய திறந்தநிலைப் பள்ளித் திட்டத்திலிருந்து 1989-இல் தனி அமைப்பாக வந்தது. பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வுக்கு 14 வயது நிரம்பியிருக்கவேண்டும். எட்டாம் வகுப்புச் சான்றிதழ் கட்டாயமில்லை. இந்தப் படிப்பைப் படிக்கும் அளவுக்கு நான் படித்திருக்கிறேன் என்று பிள்ளையே ஒரு சுய உறுதிமொழி கொடுக்கலாம். ஒரு மொழிப்பாடமாவது சேர்த்து ஐந்து பாடம். ஐந்து வருடத்துக்குள், ஒன்பது வாய்ப்புகளில் முடிக்கலாம். தேறிய பாடம் தேறியதாகவே இருக்கும், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் எழுதவேண்டும் என்ற கட்டாயமில்லை. பாடத்துக்குப் பாடம் வேறு வேறு படியில் நிற்கும் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை. கணக்கை விட்டுவிட்டு வேறு பாடம் எடுக்கவும் அங்கே வழி இருக்கிறது. பலர் அதைத்தான் சொல்கிறார்கள். பிள்ளை பிறகு எந்த வாசலில் போய் நிற்கப்போகிறது என்று யோசிக்காமல் அதைச் செய்யாதீர்கள். எந்தப் பாடத்துக்குத் தமிழ்வழிப் புத்தகம் கிடைக்கிறது என்பதையும் சேர்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு, ஏப்ரல்–மே ஒன்று, அக்டோபர்–நவம்பர் ஒன்று. ஏப்ரல்–மே எங்களுக்குத் தடைக்காலம், ஆகாது. வாடை ஏறி, படகு போகாமல், அவன் அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அக்டோபர்தான் எங்களுக்குத் தோது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் வீட்டுக்கல்விக்கென்று தனி விதி ஒன்றும் இல்லை. ஆனால் அதன் நான்காம் பிரிவில் ஒரு கதவு இருக்கிறது. 6 முதல் 14 வயதுக்குள் பள்ளியை விட்ட பிள்ளை திரும்ப வந்தால் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கவேண்டும், மற்றவர்களோடு சேர்ந்து ஓடுவதற்கான சிறப்புப் பயிற்சியும் கொடுக்கவேண்டும். வீட்டில் சரிப்படவில்லை என்றால் பக்கத்து அரசுப் பள்ளிக்குத் திரும்பப் போகலாம். முதல் ஆறு மாதம் எனக்குத் தெம்பு கொடுத்தது இந்தத் தகவல்தான். எங்கள் ஊர் ஆசிரியை ஒருவர் அதைச் சொன்னார். அவர் அதை மட்டும் சொல்லாமல் இருந்திருந்தால் நான் பயத்திலேயே அவனை நெருக்கியிருப்பேன்.

அவனுக்கு இப்போது 14 நிரம்பிவிட்டது. முதலில் அறிவியலும் தமிழும் எழுதட்டும், அடுத்த முறை மற்ற இரண்டு, கணக்கு கடைசியில் என்று பேசி வைத்திருக்கிறோம். அந்தச் சுய உறுதிமொழித் தாளை அவன் கையில் கொடுத்தபோது இரண்டு தரம் வாசித்தான். "படிச்சிருக்கேன்னு நானே எழுதிக் கொடுக்கலாமா?" என்று கேட்டான். எழுதலாம் என்றேன். பேனாவைத் தேடிக்கொண்டு போனவன் கூடவே எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தையும் எடுத்து வந்தான். அந்த முதல் பாடம், விகிதமுறு எண்கள். "இத ஒரு தரம் போட்டுப் பாத்துட்டு கையெழுத்துப் போடுறேம்மா" என்று பயிற்சிப் பக்கத்தைத் திறந்தான். பத்தில் ஒன்பது வந்தது.